சொல்லுக்கு உரியவர் யார்?

 

வானொலியில் மார்க்கச் சொற்பொழிவு ஒன்று ஒலிபரப்பாகும் முன்னர் பேசுபவரின் பெயரும் ஊரும் அறிவிக்கப்படுகின்றன. பேச்சு முடிந்த பின்னரும் அவை மீண்டும் ஒருமுறை சொல்லப்படுகின்றன. பிழை கண்ட நேயர் அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதலாம். பேசியவர் பதில் சொல்லியாக வேண்டும். இது ஒரு வழமையாகிவிட்டதால் நாம் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் நாள்தோறும் கைத்தொலைபேசியில் வந்து விழும் செய்திகளுக்கு இத்தகைய அறிவிப்பு எதுவும் இல்லை. பூவின் படமும் சிங்கத்தின் படமும் போட்ட கணக்குகளிலிருந்து, இவர் யார், எவ்வூரார், யாருடைய பிள்ளை என்று அறியாதவர்களின் சொல்லை நாம் வாசிக்கிறோம், நம்புகிறோம், மற்றவருக்கும் அனுப்பிவைக்கிறோம். இவ்விடயத்தில் நமது மார்க்கத்தின் வரலாறும் நாம் வாழும் மலைநாட்டின் வரலாறும் என்ன கூறுகின்றன என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டயகம எங்கிருக்கிறது என்று மலைநாட்டவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக ஏறினால், ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில், தேயிலைக்கும் காட்டுக்கும் இடையே அமைந்த தோட்டங்கள் அவை. வெளியுலகம் அதிகம் கேட்டிராத அவ்வூரின் பெயர் 2021 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாடெங்கும் ஒலித்தது. கொழும்பில் ஒரு முஸ்லிம் அரசியல்வாதியின் வீட்டில் பணிபுரிந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, தீக்காயங்களுடன் ஜூலை 3 ஆம் திகதி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, 15 ஆம் திகதி உயிரிழந்தாள். அடக்கம் செய்யப்பட்ட உடல் அம்மாத இறுதியில் நீதிமன்ற உத்தரவின் பேரில் டயகமவில் தோண்டி எடுக்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. கைதுகள் நடந்தன, விடயம் நீதிமன்றத்துக்குச் சென்றது. குற்றம் யாருடையது என்று தீர்மானிக்கும் உரிமை நீதிமன்றத்துக்கே உண்டு. அதில் நாம் தலையிடவில்லை.

நாம் பேச வேண்டியது, அந்நாட்களில் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் ஓடிய பேச்சைப் பற்றியே. ஒரு பக்கத்தில், ஒரு வீட்டில் நடந்ததாகச் சொல்லப்பட்ட செயலுக்காக முஸ்லிம் சமூகம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பேச்சு. மறு பக்கத்தில், நம் சமூகத்துக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்டு, இறந்துபோன ஒரு சிறுமியின் ஒழுக்கத்தையும் அவளுடைய பெற்றோரின் ஏழ்மையையும் பழித்த பேச்சு. இரு பக்கத்திலும் முகமற்ற கணக்குகள் துணிவாகப் பேசின. தங்கள் முகத்தோடும் பெயரோடும் பேசியவர்கள் யார் தெரியுமா? ஊடகங்களின் முன்னால் வந்து நின்ற அச்சிறுமியின் தாயும், டயகமவிலும் ஏனைய மலையக நகரங்களிலும் பதாகை ஏந்தி நின்ற தொழிலாளர்களுமே. இழப்பதற்கு அதிகம் உள்ளவர்கள் ஒளிந்திருக்க, எதுவுமில்லாதவர்கள் வெளியே நின்றார்கள். மலைநாட்டு நகரங்களில் கடை வைத்துத் தோட்ட மக்களோடு அன்றாடம் கொடுக்கல் வாங்கல் செய்து வாழும் நமது குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தியாக இருக்க முடியாது. இரவில் முகமூடியோடு எழுதப்படும் சொல், காலையில் கடை திறக்கும்போது முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது.

இனி மதீனாவுக்குச் செல்வோம். ஏனெனில் பெயரற்ற பேச்சு ஒரு சமூகத்தை எவ்வாறு உடைக்கும் என்பதற்கு நம் வரலாற்றில் அதைவிடத் தெளிவான நிகழ்வு வேறில்லை.

பனூ முஸ்தலிக் போர்ப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், தொலைந்துபோன கழுத்துமாலையைத் தேடச் சென்ற அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் படையினரைத் தவறவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரழி) அவர்கள் அன்னையவர்களைக் கண்டு, தமது ஒட்டகத்தில் ஏற்றி, தாம் அதன் கயிற்றைப் பிடித்து நடந்துவந்து படையினரிடம் சேர்த்தார்கள். நடந்தது இவ்வளவே. ஆனால் நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை அதில் ஒரு கதையைக் கண்டான். அவன் மிம்பரில் ஏறி எதையும் அறிவிக்கவில்லை. தன் அவையில் அமர்ந்து பேச்சைக் கிளப்புவான், பிறர் பேசக் கேட்பான், தூண்டுவான், பரப்புவான். தன் வாயிலிருந்து பிடிபடக்கூடிய ஒரு சொல்லையும் அவன் வெளியே விடவில்லை என்று வரலாற்றறிஞர்கள் விளக்குகிறார்கள். அதைத் தெருவில் எடுத்துச் சென்றவர்களோ, ஐயோ, உண்மையான விசுவாசிகளில் சிலர். நபி (ஸல்) அவர்களின் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரழி), பத்ருப் போரில் பங்குகொண்ட மிஸ்தஹ் (ரழி), நபியவர்களின் துணைவியார் ஸைனப் (ரழி) அவர்களின் சகோதரியான ஹம்னா (ரழி) ஆகியோரின் பெயர்கள் அறிவிப்புகளில் வருகின்றன.

ஒரு மாத காலம் மதீனா இந்தப் பேச்சில் மூழ்கியது. நோயுற்றிருந்த அன்னையவர்களுக்கோ எதுவும் தெரியாது. ஊரெல்லாம் அறிந்த செய்தியைக் கடைசியாக அறிந்தவர், யாரைப் பற்றி அது பேசப்பட்டதோ அவரேதான். இன்று ஒரு பெண் பிள்ளையின் படத்தை எவனோ ஒருவன் பரப்பும்போதும் இப்படித்தான் நடக்கிறது என்பதைப் பெற்றோர்கள் அறிவீர்கள். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று, தம் குடும்பத்தாரைப் பற்றித் தமக்கு நோவினை தந்தவன் விடயத்தில் தமக்கு யார் துணை நிற்பார் என்று கேட்டபோது, அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு கோத்திரத்தாரும் பள்ளிவாசலுக்குள்ளேயே மோதிக்கொள்ளும் நிலைக்குச் சென்றுவிட்டார்கள். நபியவர்களே அவர்களை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. ஒளிந்திருந்து ஊதியவன் ஒருவன். வாளைத் தொட்டவர்களோ அவனுக்குச் சம்பந்தமில்லாதவர்கள்.

பின்னர் ஸூரத்துந் நூரின் வசனங்கள் இறங்கி அன்னையவர்களின் தூய்மையை அறிவித்தன. நான்கு சாட்சிகளைக் கொண்டுவராமல் கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்துவோருக்கு 80 கசையடி என்ற சட்டமும் அந்த அத்தியாயத்திலேயே உள்ளது. மேற்சொன்ன மூவரும் தண்டனை பெற்றதாக அறிவிப்புகள் உள்ளன. அப்படியானால் இப்னு உபைக்கு என்ன தண்டனை கிடைத்தது? அவன் தண்டிக்கப்பட்டதாகப் பிரபலமான அறிவிப்புகளில் இல்லை. இது ஏன் என்று அறிஞர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்துள்ளனர். அவர்கள் சொல்லும் காரணங்களுள் ஒன்று, அவன் பழியைத் தன் பெயரில் சொல்லாமல் பிறர் வாய்வழியே பரப்பியதால் அவன் மீது சாட்சி நிலைநாட்டப்படவில்லை என்பதாகும். இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பெயரை மறைத்துக்கொள்வதால் உலகத் தண்டனையிலிருந்து தப்ப முடியும் என்பதை நமது வரலாறு மறைக்கவில்லை. ஆனால் அப்பழியின் பெரும்பங்கை ஏற்றவனுக்கு மகத்தான வேதனை உண்டு என்று அதே அத்தியாயத்தின் 11 ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஹஸ்ஸான் (ரழி) அவர்கள் தம் சொல்லுக்குரிய தண்டனையை இவ்வுலகிலேயே பெற்றுக் கடனைத் தீர்த்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஒருவர் அவரை ஏசியபோது, அவர் நபியவர்களுக்காகப் பேசியவர் என்று கூறி ஆயிஷா (ரழி) அவர்களே அதைத் தடுத்தார்கள். பெயரோடு பேசித் தவறியவருக்குத் திரும்பி வரும் வழி இருந்தது. ஒளிந்திருந்தவன் ஒளிந்தபடியே இறந்தான்.

அந்த ஒரு மாதத்தில் அபூ ஐயூப் அல்அன்ஸாரீ (ரழி) அவர்களின் இல்லத்தில் நடந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஊர்ப்பேச்சைப் பற்றி அவருடைய மனைவியார் கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டாராம்: அப்படிப்பட்ட செயலை நீ செய்வாயா? ஒருபோதும் செய்யமாட்டேன் என்றார் மனைவி. அப்படியென்றால் ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவர் என்று அவர் பேச்சை முடித்துவிட்டார். அந்தப் பேச்சு அவ்வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போகவில்லை.

இத்தகைய அனுபவங்களைக் கடந்து வந்த சமூகம், செய்தியை ஏற்பதற்கு ஒரு முறையை வகுத்தது. உமர் (ரழி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்கள் கலீஃபாவின் வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டு, பதில் வராததால் திரும்பிவிட்டார்கள். ஏன் திரும்பினீர் என்று கேட்கப்பட்டபோது, மூன்று முறைக்கு மேல் கேட்க வேண்டாம் என்று நபியவர்கள் சொன்னதாகக் கூறினார்கள். அதற்குச் சாட்சி கொண்டுவாருங்கள் என்றார் உமர் (ரழி). அபூ மூஸா யாரோ எவரோ அல்லர், அறியப்பட்ட நபித்தோழர். ஆயினும் சாட்சி கேட்கப்பட்டது. அன்ஸாரிகளின் அவையில் இருந்தவர்களுள் வயதில் இளையவரான அபூ ஸஈத் அல்குத்ரீ (ரழி) எழுந்து சென்று சாட்சி சொன்னார்கள். உங்களைச் சந்தேகிக்கவில்லை, மக்கள் நபியவர்களின் பெயரில் விரும்பியபடி பேசத் தொடங்கிவிடுவார்கள் என்றே அஞ்சினேன் என்று பின்னர் உமர் (ரழி) விளக்கியதாகவும் வந்துள்ளது.

இதிலிருந்து வளர்ந்ததே இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடர்க்கலை. இவரிடமிருந்து இவர் கேட்டார், அவரிடமிருந்து அவர் கேட்டார் என்று சங்கிலியின் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். பெயர் மட்டும் போதாது. அவர் எங்கே பிறந்தார், யாரைச் சந்தித்தார், எப்போது இறந்தார், நினைவாற்றல் எப்படி, கொடுக்கல் வாங்கலில் நேர்மை எப்படி என்று ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை அறிஞர்கள் தொகுத்தார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ஹதீஸ் தொகுப்போடு, அத்தாரீகுல் கபீர் என்னும் அறிவிப்பாளர் வரலாற்று நூலையும் எழுதினார்கள். சங்கிலியில் ஒருவர் யாரென்று அறியப்படாவிட்டால் அவருக்கு ‘மஜ்ஹூல்’ என்று பெயர். அந்த ஒருவரின் பொருட்டே அறிவிப்பு பலவீனமாகிவிடும். செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும், நம் கருத்துக்கு எவ்வளவு உகந்ததாக இருந்தாலும் இதுவே விதி. ஓர் இளைஞர் தன் கைத்தொலைபேசியில் ஒரு நாள் வரும் செய்திகளில் எத்தனைக்கு இஸ்னாத் உண்டு என்று எண்ணிப் பார்ப்பாரானால், மாலைக்குள் அவரிடம் அனுப்புவதற்கு அதிகம் எஞ்சியிராது.

இலங்கையில் அச்சு வந்தபோது இதே கேள்வி வேறு உருவில் வந்தது. பத்திரிகை நடத்துபவரும் அச்சிடுபவரும் தம்மை அரசாங்கத்திடம் அறிவிக்க வேண்டும் என்று 1839 ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய ஆட்சி சட்டம் இயற்றியது. ஆட்சியாளர் தம் பாதுகாப்புக்காகவே அதைச் செய்தனர், நீதிக்காக அல்ல. எனினும் எழுதியதற்குப் பொறுப்பானவர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற வழக்கம் அதனால் வேரூன்றியது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் அறிஞர் எம். சி. சித்திலெவ்வை அவர்கள் 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டும், பெண் பிள்ளைகளும் பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்று அவர்கள் எழுதியவை அக்காலத்தில் பலருக்குக் கசந்தன. கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர்கள் தம் பெயரிலேயே நின்றார்கள். 1891 இல் கண்டியில் பெண்களுக்கான பாடசாலையையும் ஏற்படுத்தினார்கள். அக்காலப் பத்திரிகைகளில் வாசகர்கள் புனைபெயரில் கடிதம் எழுதும் பழக்கம் இருந்தது உண்மையே. ஆனால் அது இன்றைய முகமூடிக்குச் சமமாகாது. எழுதியவர் யார் என்பது ஆசிரியருக்குத் தெரியும். வழக்கு வந்தால் நிற்பவர் ஆசிரியர். பெயர் மறைந்திருந்தாலும் பொறுப்பு மறையவில்லை.

இந்த வேறுபாட்டை மலைநாட்டில் விளக்குவதற்குக் கோ. நடேசய்யரைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமணர். எனினும் தோட்டத் தொழிலாளிக்காக அவர் செய்ததை அறியாமல் மலைநாட்டில் வளரும் முஸ்லிம் பிள்ளை, தன் அயலவரின் வரலாற்றை அறியாமலேயே வளர்கிறது. அக்காலத்தில் தோட்டத்துக்குள் அந்நியர் நுழைய முடியாது. துரையின் அனுமதி இல்லாமல் நுழைந்தவர் அத்துமீறிப் பிரவேசித்தவர் என்று வழக்குக்கு உள்ளாவார். ஆகவே அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டு, மூட்டையைச் சுமந்துகொண்டு லயங்களுக்குள் சென்றார். (மலைநாட்டில் மூட்டை சுமந்து வியாபாரம் செய்த நம் முன்னோர் பலர் என்பதால், அந்த வேடத்தின் வசதி நமக்கு எளிதில் விளங்கும்.) அங்கே தொழிலாளரின் துயரத்தைக் கேட்டறிந்தார்.

அவர் மறைத்தது எதை? கேட்கச் சென்றபோது தன் அடையாளத்தை மறைத்தார். பேச வந்தபோதோ எதையும் மறைக்கவில்லை. 1924 இல் தொடங்கிய ‘தேசபக்தன்’ பத்திரிகை அவருடைய பொறுப்பில் வந்தது. 1931 இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோதும், 1936 இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவுசெய்யப்பட்டுப் பேசியபோதும் அவர் தம் பெயரிலேயே நின்றார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாக எழுதித் தம் பெயரிலேயே வெளியிட்டார். துயரத்தைச் சொன்ன தொழிலாளி தன் பெயரை வெளியிட்டிருந்தால் வேலையும் லயத்து அறையும் ஒரே நாளில் பறிபோயிருக்கும். அந்தப் பலவீனனின் பெயர் காக்கப்பட வேண்டியிருந்தது. அதற்கு ஈடாகப் பலமுள்ள ஒருவர் தன் பெயரை முன்னே வைத்தார்.

திருக்குர்ஆனிலும் இதற்கு ஒப்பான ஒருவர் உண்டு. பிர்அவ்னின் குடும்பத்தில், தன் ஈமானை மறைத்து வைத்திருந்த ஒரு விசுவாசியைப் பற்றி 40 ஆம் அத்தியாயம் கூறுகிறது. அவர் பெயரை அல்லாஹ் சொல்லவில்லை. ஆனால் அந்த அத்தியாயத்துக்கே ‘அல்முஃமின்’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. உயிருக்கு அஞ்சி நம்பிக்கையை மறைத்த அவர், மூஸா (அலை) அவர்களைக் கொல்லும் பேச்சு எழுந்தபோது அரசவையில் எழுந்து நின்று அதை எதிர்த்து வாதிட்டார். நெஞ்சில் இருந்ததை மறைத்திருந்தவர், இன்னொருவரின் உயிருக்காகப் பேசும்போது முகத்தை மறைக்கவில்லை. அநீதியிழைக்கப்பட்டவர் தனக்கு நேர்ந்த தீமையை வெளிப்படையாகப் பேசுவதற்கு 4 ஆம் அத்தியாயத்தின் 148 ஆம் வசனம் இடமளிக்கிறது. துயரப்பட்டவருக்குத் தரப்பட்ட அந்த அனுமதியை, துயரப்படுத்துபவர் தனக்கும் உரியதென்று எடுத்துக்கொள்ள முடியாது.

இனி அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். கண்டியில் 1915 மே இறுதியில் வெசாக் ஊர்வலத்தின்போது பள்ளிவாசல் அருகே தொடங்கிய கலவரம், புகையிரதப் பாதையை ஒட்டிக் கொழும்புவரை பரவியதைப் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உத்தியோகபூர்வக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 4,000 க்கு மேற்பட்ட கடைகள் கொள்ளையிடப்பட்டன. அன்று வதந்தி நடந்தும் புகையிரதத்திலும் சென்றது.

நூறாண்டு கழித்து அது நொடியில் சென்றது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கறிக்குள் கட்டியாக ஏதோ இருப்பதைக் கண்ட ஒருவர், அது மலட்டு மாத்திரை என்று சத்தமிட்டார். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர், சூழ்ந்து நின்றவர்களின் கேள்விக்கு அச்சத்தில் ஆம் என்பதுபோல் பதிலளித்தது காணொளியாகப் பரவியது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் ஆராய்ந்தபோது அது மாவுக்கட்டி என்றே தெரிந்தது. அந்த அறிக்கை வரும் முன்னரே கண்டி மாவட்டம் எரிந்துவிட்டது.

டயகமவில் பிறக்கும் ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவுடன் சேர்ந்து, மகாவலியில் கலந்து, கண்டியைச் சுற்றித் திகனவை அடுத்த விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்தத் திகனவில், தெல்தெனியப் பகுதியில், வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாத ஆரம்பத்தில் வைத்தியசாலையில் மரணமானார். அது ஒரு குற்றம். நம் பிள்ளைகள் செய்த குற்றம். அதைச் சொல்லாமல் பின்னர் நடந்ததை மட்டும் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அம்பாறைக் காணொளியால் ஏற்கனவே சூடேறியிருந்த மனங்களுக்கு அந்த மரணம் தீப்பொறியாயிற்று. மார்ச் 5 ஆம் திகதி வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் அகப்பட்ட ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். 6 ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. 7 ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பேச்சைப் பற்றி முறையிட்டும் போதிய நடவடிக்கை எடுக்காத முகநூல் நிறுவனம், 2020 மே மாதத்தில் தனது தளம் துர்ப்பிரயோகம் செய்யப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த மன்னிப்பு அது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். திகன வன்முறையைத் தூண்டியதாகக் கைதானவர்களில் முக்கியமானவர் தன் முகத்தோடும் பெயரோடும் காணொளி வெளியிட்டவர் அல்லவா? உண்மைதான். பெயர் போட்டுவிட்டால் பேச்சு நல்லதாகிவிடும் என்று எவரும் சொல்லவில்லை. பெயர் இருந்ததால் அவரைக் கைதுசெய்ய முடிந்தது. நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்தது. அவருடைய சொல்லை ஆயிரமாயிரமாகப் பெருக்கிய முகமற்றோரில் எத்தனை பேரை அப்படி நிறுத்த முடிந்தது?

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. இளைஞர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பெயர் போட்டு எழுதியவர்களுக்கு நாட்டில் என்ன நேர்ந்தது? கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ரம்சி ராசிக் அவர்கள் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக்குப் பதிலாகச் சிங்களத்தில், தம் சொந்தப் பெயரில் எழுதிவந்தவர். பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு சிந்தனைத் தளத்தில் போராட வேண்டும் என்று எழுதியதற்காக 2020 ஏப்ரலில் கைதுசெய்யப்பட்டு, ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்துவைக்கப்பட்டார். வெறுப்பைத் தடுப்பதற்கென 2007 இல் இயற்றப்பட்ட சட்டமே அவர் மீது பாய்ந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கப் பணித்தது. மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் ‘நவரசம்’ என்னும் தம் கவிதை நூலின் பொருட்டு 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வெளிவந்தார். 2023 இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. உண்மை எது, பொய் எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் அது ஒப்படைப்பதைப் பலர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களின் அச்சம் வீணானதென்று மேற்கண்ட இருவரின் கதையை அறிந்த எவரும் சொல்ல மாட்டார்.

ஆகவே அனைவரும் எப்போதும் முழுப் பெயரோடுதான் பேச வேண்டும் என்று இளைஞரிடம் நாம் கட்டளையிட முடியாது. தன் தோட்டத்திலோ வேலைத்தளத்திலோ தனக்கு நேர்ந்த அநீதியைச் சொல்லும் ஒரு பிள்ளை தன் பெயரை மறைத்தால் அதில் தவறு காண மாட்டோம். ஆயினும் அவரை அறிந்த ஒருவர், ஆசிரியரோ, பள்ளிவாசல் நிர்வாகியோ, சட்டத்தரணியோ, அதை விசாரித்து, தேவைப்பட்டால் முன்னே நிற்கக்கூடியவராக இருக்கட்டும். மறைந்திருந்து இன்னொருவரின் மானத்தைப் பற்றிப் பேசுவதோ வேறு. அங்கே காக்கப்படுவது பலவீனனின் உயிரன்று, பேசுபவனின் வசதி. எழுதும் கணக்கு பொய்ப் பெயரில் இருந்தாலும் எழுதும் விரல் யாருடையது என்பதைப் பதிவுசெய்யும் இருவர் நம்மோடு இருப்பதை 50 ஆம் அத்தியாயத்தில் ஓதுகிறோம்.

பிறர் சொன்னதை அனுப்பினேன், நான் எழுதவில்லை என்று தப்பவும் இடமில்லை. கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் வந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது ஸஹீஹின் முன்னுரையிலேயே பதிவுசெய்துள்ளார்கள். மிஸ்தஹ் (ரழி) அவர்கள் கதை கட்டியவர் அல்லர். கேட்டதைச் சொன்னவர்.

பெற்றோர்களே, ஒருநாள் உங்கள் மகனின் கைத்தொலைபேசியில் அவனுடையதல்லாத ஒரு பெயரில் ஒரு கணக்கைக் காணலாம். அதில் அயல் வீட்டாரைப் பற்றியோ, ஓர் ஆசிரியரைப் பற்றியோ, பிற சமூகத்தாரைப் பற்றியோ எழுதப்பட்டிருப்பதையும் காணலாம். அன்று என்ன செய்வது என்று கேட்பீர்களாயின், மிஸ்தஹ் (ரழி) அவர்களின் கதையின் பிற்பகுதியையும் அறிந்துகொள்ளுங்கள். அவர் வறியவர், அபூபக்ர் (ரழி) அவர்களின் உறவினர், அவர்களுடைய உதவியிலேயே வாழ்ந்தவர். தம் மகள் மீது சுமத்தப்பட்ட பழியை அவர் எடுத்துச் சென்றதை அறிந்த அபூபக்ர் (ரழி), இனி அவருக்கு எதுவும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஒரு தந்தையின் நெஞ்சு அது. யார் குறைசொல்ல முடியும்? அப்போது ஸூரத்துந் நூரின் 22 ஆம் வசனம் இறங்கி, வசதி படைத்தோர் உறவினருக்கும் வறியோருக்கும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டாம், மன்னித்துப் பொறுத்துக்கொள்ளட்டும் என்று கூறி, அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா என்று கேட்டது. மிஸ்தஹ் (ரழி) அவர்களுக்குரிய தண்டனையை அந்த வசனம் நீக்கவில்லை. விரும்புகிறேன் என்று சொன்ன அபூபக்ர் (ரழி) அவர்கள், நிறுத்திய உதவியை அவருக்கு மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். இனி அதை ஒருபோதும் நிறுத்தமாட்டேன் என்றும் சொன்னார்கள்.